ஒரு நிமிடம் நாற்பது நொடி போர்சோக்

தலாஸ் ஊரில் வீடியோ எடுக்கிறவன் என்றால் மக்சாத் ஒருவன்தான். கல்யாணமா, மக்சாத். தொட்டில் விருந்தா, மக்சாத். தலைக்கு மேலே ரீங்காரமிட்டுச் சுற்றும் ட்ரோன் ஒன்றை அவன் வாங்கிய பிறகு, மாப்பிள்ளை பெண்ணைக்கூடப் பார்க்காமல் ஊரே அண்ணாந்து நின்றது. அவனிடம் போய்த்தான் சினார் வேலை கேட்டாள்.

"இதுவரைக்கும் என்ன எடுத்திருக்கே?" என்றான் மக்சாத்.

"இன்னும் ஒண்ணும் எடுக்கல. அதான் உங்ககூட வந்து..."

"எதையாவது எடுத்துக்கிட்டு வா, பாக்கலாம்."

"யாராவது கூப்பிட்டாத்தானே எடுக்க முடியும்?"

"எடுத்ததைக் காட்டினாத்தான் கூப்பிடுவாங்க, தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

சினாருக்கு வயது முப்பத்தொன்று. சந்தைக்குப் பக்கத்து மருந்துக்கடையில் எட்டு வருடமாக இருமல் மருந்து எடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவள். போன குளிர்காலத்தில், ஊரை விட்டுப் போன ஒரு புகைப்படக்காரரிடமிருந்து பழைய கேமரா ஒன்றை வாங்கினாள். வாங்கிய நாளிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. மாமியார் மாடு கறந்தால் எடுத்தாள். கணவன் குபாத் தூங்கினால் எடுத்தாள். அவன் குறட்டையைத் தனியாக ஒருமுறை எடுத்தாள்.

"ஊருல கல்யாணத்தைத்தான் வீடியோ எடுப்பாங்க. நான் பல்லு விளக்குறதை எடுத்து யாருக்குடி காட்டப்போறே?" என்றான் குபாத். அவன் பீன்ஸ் மூட்டை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். சத்தமாகப் பேசித்தான் பழக்கம்.

"வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்கறேன்."

"என் பல்லு மேலயா?"

கைப்பேசியில் பாடம் நடத்தும் பையன்கள் சொன்னதையெல்லாம் அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரை எடுக்காதே. எதை எடுத்தாலும் பத்து நொடியாவது ஆடாமல் பிடி. கூட்டம் வேடிக்கை பார்த்தால் வேடிக்கையை மட்டும் எடுக்காதே, பார்க்கிற முகங்களையும் எடு. எல்லாம் நல்ல புத்திதான். ஆனால் அந்தப் பையன்கள் ஏதோ ஒரு பெரிய நகரத்தில் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி எடுத்தவர்கள். தலாஸில் ஒரு விருந்து விரிப்புக்கு முன்னால் மண்டியிட்டு எடுத்தவர்கள் இல்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது ஆகஸ்ட் மாதத்தில்தான் சினாருக்கு உறைத்தது.

மருந்துக்கடையில் அவளோடு நிற்பவள் பெரிசாத். சினாரை விட நாலு வயது சின்னவள். வாய் மட்டும் நாலு வயது பெரியது. அவளுடைய பையன் எர்பொல் பிறந்து பதினாலு மாதம் ஆகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தான். கணுக்காலில் கட்டிய கயிற்றை, பந்தயத்தில் முதலாவதாக ஓடி வரும் பிள்ளை வெட்டிவிடுகிற கால்கட்டுச் சடங்குக்கு நாள் குறித்தார்கள்.

"மக்சாத் அந்தத் தேதிக்குக் கிடைக்க மாட்டானாம். நீ எடுக்கிறியாக்கா?" என்று கேட்டாள் பெரிசாத்.

சினாரின் கையிலிருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது.

"எடுக்கிறேன். சும்மாவே எடுத்துத் தர்றேன்."

"சும்மா வேண்டாம், வயிறாரச் சாப்பாடு போடறேன். ஆனா ஒண்ணு. மத்ததெல்லாம் எப்படி வந்தாலும் எனக்குக் கவலை இல்ல. என் மாமனார் கையை விரிச்சு ஆசி சொல்லி பத்தா கொடுக்கிறப்ப அவர் முகம் வேணும். நல்லா, பக்கத்துல. அதை நான் ஜமீருக்கு அனுப்பணும்."

ஏன் என்று சினார் கேட்கவில்லை. கடையில் மருந்து வாங்க வருபவர்களுக்குக்கூடத் தெரிந்த கதை அது. பெரிசாத்தின் புருஷன் ஜமீர் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. பீன்ஸ் அறுவடைக்கு நாலே நாள் இருக்கும்போது, அப்பா தொக்தோசுனிடம் சண்டை போட்டுக்கொண்டு, அவர் முன்னால் உட்கார்ந்து பத்தா வாங்காமலே பேருந்து ஏறிவிட்டான். பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிறவன்கூடப் பெரியவர்களின் ஆசி வாங்கிக்கொண்டு போகிற இடம் இது. அன்றிலிருந்து தொக்தோசுன் மகன் பேரை எடுப்பதில்லை. ஜமீர் கைப்பேசியில் கூப்பிட்டால், "மாடு கத்துது" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். அந்த மாடு பாவம், வாய் திறந்திருக்காது.

"அவனுக்கு உள்ளுக்குள்ள அரிக்குதுக்கா" என்றாள் பெரிசாத். "பத்தா வாங்காம போனவன், அதான் எதுவும் கூடி வரலேங்கிறான். பிள்ளைக்குக் கொடுக்கிற பத்தாவையாவது பாக்கட்டும். அப்பா முகத்தைப் பாத்தா, கோவம் இருக்கா போயிடுச்சான்னு அவனுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியற மாதிரி எடுக்கிறேன்" என்றாள் சினார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனாள்.

விழா நாளன்று சினார் நன்றாகத்தான் எடுத்தாள். அதை அவள் எதிரிகூட ஒப்புக்கொள்வான். கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றை எர்பொலின் கணுக்கால்களில் எட்டுப் போட்டுக் கட்டியதைப் பக்கத்தில் போய் எடுத்தாள். தெருப் பிள்ளைகள் எல்லோரும் வாய்க்கால் ஓரத்திலிருந்து ஓடி வந்ததை எடுத்தாள். முதலாவதாக வந்த சிறுமி பாதி வழியில் ஒரு செருப்பைப் பறிகொடுத்துவிட்டு வந்து கத்தரிக்கோலை வாங்கினாள். கயிற்றை வெட்டும்போது அவள் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சினார் அதையும் விடவில்லை. குழந்தை முதல் அடி வைப்பதைத் தரைமட்டத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று புதுப் பாவாடையோடு குப்புறப் படுத்தாள்.

"ஏ மருந்துக்கடை! எழுந்திரு, யாராவது மிதிச்சிடப் போறாங்க!" என்று பெண்கள் சிரித்தார்கள்.

"அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொடுங்க" என்று குபாத் கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினான். "என் கால்கட்டையும் யாராவது ஓடி வந்து வெட்டி விடுங்க!"

"வெட்டினா நீ நடக்கமாட்டே, விழுந்திடுவே" என்று சினார் படுத்தபடியே சொன்னாள். கூட்டம் அதற்கும் சிரித்தது. அவளுக்கு அன்று எதைத் தொட்டாலும் சரியாக வந்தது.

சாப்பாடு முடிந்தது. விரிப்பின் தலைமாட்டில் தொக்தோசுன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, மூன்று முழத் தூரத்தில் சினார் மண்டியிட்டு இடம் பிடித்தாள். வெளிச்சம் ஒரு பக்கமாக அவர் கன்னத்தில் விழுந்தது. கண்களில் ஃபோகஸ் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிவதை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். பெரிசாத் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கண் காட்டினாள். சினார் தலையசைத்தாள்.

தொக்தோசுன் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்தார். விரிப்பைச் சுற்றி முப்பது பேரும் கைகளை விரித்தார்கள். தலைகள் குனிந்தன.

"உன் ஆயுசு நீளமா இருக்கட்டும். உன் பாதை அகலமா இருக்கட்டும். காலு கல்லுல இடறாம, வயிறு பசி பாக்காம, வாசல்ல விருந்தாளி குறையாம இருக்கட்டும்..."

பிறகு கிழவர் நிறுத்தினார். குழந்தைக்கு வேண்டியது முடிந்துவிட்டது. கடைசியாக ஓமீன் சொல்லி முகத்தைத் தடவ வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவர் சொல்லவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது.

"தூரத்துல இருக்கிறவனுக்கும்" என்றார், குரல் இறங்கி. "அவனுக்கும் பாதை திறந்தே இருக்கட்டும். போற பக்கமும், வர்ற பக்கமும். ஓமீன்."

"ஓமீன்" என்று முப்பது பேரும் முகத்தைத் தடவினார்கள். சினாரும் தடவினாள். தடவி இறக்கிய தன் கைகளைப் பார்த்தாள். இரண்டு கைகளும் வெறுங்கைகளாக இருந்தன.

கேமரா மடியில் கிடந்தது. எப்போது கீழே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பெரியவர் ஒருவர் கையை விரித்தால் அவள் கையும் விரிந்துதான் பழக்கம். அந்தக் கைகளுக்கு இன்றைக்கு மட்டும் வேறு வேலை இருக்கிறது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் ஞாயிறு, கடை விடுமுறை. கணினியில் போட்டுப் பார்த்தாள். கிழவரின் முகம் மூன்று நொடி இருந்தது. அதன் பிறகு படம் அப்படியே சரிந்து இறங்கி, விரிப்பின் மேல் குவித்திருந்த போர்சோக்கில் போய் நின்றது. எண்ணெயில் பொரித்த அந்த மாவுத் துண்டுகள், பக்கத்தில் பாதி காலியான ஜாம் கிண்ணம், அதன் விளிம்பில் ஒரு ஈ. பின்னால் தெளிவாகக் கிழவரின் குரல். ஒரு நிமிடம் நாற்பது நொடிக்குப் போர்சோக்.

முப்பது பேர் இருந்த இடத்தில் தொக்தோசுனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். மற்ற எல்லோரும் குனிந்திருந்தார்கள். மகனை நினைத்து அவர் குரல் இறங்கியபோது அந்த முகம் எப்படி இருந்தது என்று இனி உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. மக்சாத் இதைக் கேள்விப்பட்டால் ட்ரோனுக்கு மேலே ஏறி நின்று சிரிப்பான் என்பதும் நினைவுக்கு வந்தது. அதற்கும் சேர்த்து அழுதாள்.

அழுது முடித்ததும் ஒரு வழி தோன்றியது. விழா அன்று காலையில் கிழவர் தேநீர் குடிக்கும்போது எடுத்தது நிறைய இருந்தது. அந்த முகத்தை எடுத்து இந்தக் குரலின் மேல் ஒட்டினாள். குபாத் வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

"பத்தாவும் கொடுக்கிறாரு, மென்னுக்கிட்டும் இருக்காரு. பெரிய திறமைசாலிதான்" என்றான்.

வாய் மூடியிருந்த வேறு ஒரு துண்டைத் தேடி எடுத்தாள். கிழவர் எங்கேயோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் மெல்லிய இசை ஒன்றைப் போட்டதும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இந்தத் தடவை குபாத்தும் கேலி செய்யவில்லை.

"இது நல்லாருக்கே. யாருக்குத் தெரியப்போகுது?"

சினார் அதை மூன்று முறை ஓட்டினாள். அந்த நேரத்தில் கிழவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். வேலிக்கு மேலே ஏறிய பக்கத்து வீட்டுக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜமீர் இந்த முகத்தைத்தான் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்ப்பான். அப்பாவுக்கு இன்னும் கோபமா, இல்லையா என்று கோழி பார்த்த கண்ணில் தேடிக்கொண்டிருப்பான்.

"கோழியைக் காட்டி ஏமாத்த என்னால முடியாது" என்று சொல்லி, ஒட்டியதை அழித்தாள்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் பெரிசாத்திடம் உண்மையைச் சொன்னாள். பெரிசாத் முதலில் நம்பவில்லை. படத்தைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு! ஒண்ணே ஒண்ணு! செருப்பு விட்ட பொண்ணோட நாக்கு இருக்கு, கோழி இருக்கு, ஈகூட இருக்கு. என் மாமனார் முகம் மட்டும் இல்ல!"

"தப்புதான். திட்டு."

"திட்டினா முகம் வந்திடுமா? கேமராக்காரி எதுக்குடி கையேந்தணும்?" கோபம் வந்தால் பெரிசாத்துக்கு அக்கா என்பதெல்லாம் மறந்துவிடும்.

மாலையில் இருவருமாகத் தொக்தோசுனிடம் போனார்கள். அவர் முற்றத்தில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். சினார் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"பெரியவரே, ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க பத்தா கொடுத்ததை நான் எடுக்கல."

"எதுக்கு எடுக்கல?"

"கேமராவைக் கீழ வெச்சுட்டேன்."

"வெச்சுட்டு என்ன பண்ணினே?"

"கையேந்தினேன்."

கிழவர் தீட்டுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்புறம் இதுல என்ன தப்பு?"

"இன்னொரு தடவை சொன்னீங்கன்னா..." என்று பெரிசாத் இழுத்தாள்.

"பத்தா என்ன தேநீரா, ஆறிப்போச்சுன்னு சூடு பண்ண? கொடுத்தது கொடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி தீட்டத் தொடங்கினார். அதற்கு மேல் அவரிடம் யாராலும் பேச முடியாது.

ஆகவே படம் அப்படியே போனது. சினார் மற்றதையெல்லாம் கோத்து, நடுவில் அந்த ஒரு நிமிடம் நாற்பது நொடியை வெட்டாமல் விட்டாள். வெட்டினால் குரலும் போய்விடும். பெரிசாத் அதை வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், கூடவே ஒரு குறிப்போடு: சினார் சொதப்பிவிட்டாள், குரலையாவது கேள். அன்றைக்குப் பதில் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. மருந்துக்கடையில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கேமராவை விற்றுவிடலாமா என்று சினார் குபாத்திடம் கேட்டாள். அவன் கேலி எதுவும் செய்யாமல், "அவசரப்படாதே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தொக்தோசுன் வீட்டில் பீன்ஸ் அறுவடை. "வந்து பீன்ஸாவது பிடுங்கிக் கொடு" என்று பெரிசாத் செய்தி அனுப்பியிருந்தாள். அது அழைப்பா தண்டனையா என்று தெரியவில்லை. எதுவானாலும் சினார் போனாள். வெயிலில் காய்ந்த செடிகளைத் தார்ப்பாயில் போட்டுத் தடியால் அடித்தார்கள். வெள்ளைப் பீன்ஸ் சிதறித் தெறித்தது. பதினொரு மணிக்குப் பெரிசாத்தின் கைப்பேசி அடித்தது. ஜமீர்தான். அவள் கையெல்லாம் புழுதி. ஒரு விரலால் தட்டி, சத்தம் வெளியே கேட்கும்படி மூட்டை மேல் வைத்தாள்.

தொக்தோசுன் நிமிர்ந்தார். மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்தது. அதனால் எழுந்து போக அவருக்குச் சாக்கு இல்லை. குனிந்து தூசி புடைப்பதுபோல் அங்கேயே இருந்தார்.

"பாத்தியா?" என்றாள் பெரிசாத்.

"பாத்தேன், பாத்தேன். நேத்து ராத்திரிதான் முழுசா இறங்கிச்சு, இங்க சிக்னல் அப்படி. பய எப்படி நடக்கிறான்! அந்தச் செருப்பு விட்ட பொண்ணு யாரு?"

"அதை விடு. அந்தப் போர்சோக்குக்கு மன்னிச்சுக்கோ. சினார் இங்கதான் இருக்கா, வேணும்னா நீயே திட்டிக்கோ."

"எந்தப் போர்சோக்கு?"

"பத்தா வர்ற இடத்துல. அவ்வளவு நேரமும் போர்சோக்கு மட்டும்தானே தெரியுது!"

"அப்படியா?" ஜமீர் கொஞ்சம் தயங்கினான். "நான் பாக்கலையே. அப்பா குரல் வந்ததும் போனை மேசை மேல கவுத்துட்டேன். கை ரெண்டும் வேணுமில்ல. ரூம்ல நாலு பேர் இருந்தோம், நாலு பேரும் கையேந்தினோம். ஓமீன் சொல்லிட்டு எடுத்துப் பாத்தா, பய மறுபடி ஓடிக்கிட்டிருந்தான்."

சினாருக்கு அப்போதுதான் புரிந்தது. கிழவரின் முகத்தை அவள் இமைக்காமல், ஆடாமல், எவ்வளவு அழகாக எடுத்திருந்தாலும் சரி, அவன் அதைப் பார்த்திருக்கவே மாட்டான்.

தொக்தோசுன் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "வாங்கிக்கிட்டானா?" என்று மருமகளைக் கேட்டார், கைப்பேசிக்குக் காது கேட்காது என்பதுபோல.

"வாங்கிக்கிட்டேன்ப்பா" என்றது கைப்பேசி.

கிழவர் உள்ளங்கைகளைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். மூட்டைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அங்க இப்பவே குளிரா?"

"காலையில மட்டும்ப்பா."

"கம்பளிச் சட்டை இருக்கா?"

"இருக்கு."

"இந்த வருஷம் பீன்ஸ் பரவாயில்ல" என்றார். "மழை சரியா பெஞ்சுது."

இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்பாவும் மகனும் பேசியது அவ்வளவுதான். சினார் கேமரா கொண்டு வரவில்லை. ஆனால் அந்த முகத்தை இந்த முறை அவள் பார்த்தாள். அதில் கோபம் ஒரு துளி இல்லை. கிழவர் அழுகையை வெளியே காட்டாமல் இருக்கத் தாடையை இறுக்கிக்கொண்டிருந்தார். பெரிசாத் அழுதுகொண்டே சினாரின் முதுகில் ஒரு அடி வைத்தாள். நல்ல பலமான அடி. கோபம் தீர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

தேநீர் வந்தபோது தொக்தோசுன் சினாரைப் பார்த்தார்.

"ஏ பொண்ணே. அடுத்த மாசம் என் தங்கச்சி பேத்திக்குக் கல்யாணம். நீ வந்து எடு."

"மக்சாத்தைச் சொல்லியிருப்பாங்களே, பெரியவரே?"

"அவன் வேண்டாம். பத்து வருஷமா பாக்கறேன், எங்க பத்தா கொடுத்தாலும் விளக்குக்கம்பம் மாதிரி நிக்கிறான். ஒரு தடவைகூடக் கை விரிச்சதில்ல. நான் தங்கச்சிகிட்டச் சொல்லிடறேன். ஆனா நீ கையேந்தணும். அதுல மாத்தம் இல்ல."

"ஏந்துறேன்" என்றாள் சினார். கோப்பையைக் கீழே வைத்தாள். கேமரா நிறுத்தும் முக்காலி தலாஸில் யாரிடம் கிடைக்கும் என்று மனம் அதற்குள் தேடத் தொடங்கியிருந்தது.

"ஆனா பத்தா கொடுக்கிறவர் எந்தப் பக்கமா உக்காருவார், பெரியவரே? அதை மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. கேமராவை அங்க நிறுத்தி வெச்சிட்டு வந்து உக்காந்துக்கிறேன்."